காற்றாடிக்கு ஒரு சுற்று

விமானத்தில் கரண்டுக் கோளாறு, உடனே வரவேண்டும் என்று சின்ன முதலாளியிடமிருந்து ஆள் வந்தபோது தேவநேசனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் மில் எலெக்ட்ரீஷியன். மதுரையில் பதினாறு வருஷம், இராஜபாளையத்தில் இந்தப் புது மில் ஆரம்பித்த பிறகு இரண்டு வருஷம், ஆகப் பதினெட்டு வருஷமாக மோட்டார்களோடு மல்லுக்கட்டுகிறவர். தரையில் நிற்கிற மிஷினைப் பற்றிக் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். பறக்கிற மிஷினுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

சின்ன முதலாளி அழகர்ராஜா அப்படி யோசிக்கிறவர் இல்லை. மில்லில் கரண்ட் இருக்கிறது, விமானத்திலும் கரண்ட் இருக்கிறது, கரண்டுக்கு ஆள் தேவநேசன். முடிந்தது விஷயம். அண்ணன் மில்லைக் கட்டி ஆள, தம்பி மெட்ராசுக்குப் போய்ப் பறக்கப் படித்துவிட்டு வந்தார். வரும்போது துணியும் மரச்சட்டமுமான ஒரு பழைய இரண்டு இருக்கை விமானத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பாதையில், மம்சாபுரத்துக்குப் பாதை பிரிகிற விலக்குக்குக் கிழக்கே ஒரு பொட்டலில் தகரக் கொட்டகை போட்டு அதை நிறுத்தியிருந்தார். பணம் கூடினால் சிலர் கோயில் கட்டுவார்கள், சிலர் யானை வாங்குவார்கள். இவருக்கு ஆகாசம் பிடித்திருந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம், ஆயுத பூசைக்கு முந்தின நாள் அது. மறுநாள் பூசை முடிந்த கையோடு ஊருக்கு மேலே ஒரு வட்டம் அடிக்கப் போவதாக முதலாளி இராஜபாளையம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். எஞ்சினோ நடுநடுவே இருமிக்கொண்டிருந்தது.

அந்த எஞ்சினுக்குப் பேட்டரி கிடையாது. பொறி தட்டுவதற்கு மேக்னெட்டோ என்று ஒரு பெட்டி. ஒன்று கெட்டால் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று வலதும் இடதுமாக இரண்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். எஞ்சின் ஓடும்போது ஒரு சுவிட்சை அணைத்தால் மற்றதன் பலத்தில் அது ஓடவேண்டும். வேகம் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். வலதின் பலத்தில் மட்டும் ஓடவிட்டால் எஞ்சின் செத்துச் செத்துப் பிழைத்தது.

தேவநேசன் முதலாளி கொடுத்த புத்தகத்தை ஒரு பெட்டிமேல் விரித்துவைத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் அதற்குப் போதுமாக இருந்தது. பிளக்குகளைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். கோளாறு பிளக்குகளோடு நகரவில்லை. மேக்னெட்டோவைத் திறந்து முனைகளைத் தேய்த்து, இடைவெளியைத் தகடு வைத்து அளந்தார், அங்கேயும் இல்லை. பிளக்குகளுக்குப் போகிற தடித்த கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். நாலு மணி நேரம் போயிற்று. கோளாறு என்பது மூட்டைப்பூச்சி மாதிரி; தேடுகிறபோது இருக்காது, அக்கடா என்று உட்கார்ந்தால் கடிக்கும். கடைசியில் பார்க்க மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. வலது மேக்னெட்டோவிலிருந்து ஓட்டுகிறவர் முன்னால் இருக்கும் சுவிட்சுக்குப் போகிற மெல்லிய வயர்.

அதைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார். எஞ்சின் ஒரே சீராக முழங்கிற்று.

வயர் ஒரு தகட்டு விளிம்பில் உரசி உரசித் தோல் போயிருந்தது. எஞ்சின் அதிர்கிறபோதெல்லாம் செம்பு தகட்டைத் தொட்டிருக்கிறது. புது வயர் மதுரையிலிருந்து வரவேண்டும். பூசைக்கு இரண்டு நாள் கடை இல்லை. வயர் இல்லாமலே இவ்வளவு நன்றாக ஓடும்போது அவசரம் என்ன என்று தேவநேசன் கழற்றிய முனைக்கு டேப் சுற்றி மடித்துவைத்தார். முதலாளி இடது சுவிட்சை அணைத்துப் பார்த்தார். வேகம் காட்டும் ஊசி கொஞ்சம் இறங்கி நின்றது. வலதை அணைத்துப் பார்த்தார். ஊசி மயிரிழைகூட அசையவில்லை.

"பாத்தீரா தேவநேசம், எறங்கவே இல்ல. புது எஞ்சினாட்டம் இருக்கு."

சொல்லிவிட்டு அவர் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் மிச்சத்தைக் குடித்துத் தீர்த்துத் தானாக நிற்கும்படி விட்டார். கொட்டகைக்குள் எஞ்சினில் பெட்ரோல் நிற்கக் கூடாது என்பது அவர் வழக்கம். சுவிட்சுகளைத் தொடவேண்டிய வேலையே வரவில்லை.

அப்போதுதான் வெள்ளைத்தாய் கொட்டகையைக் கூட்டி முடித்திருந்தாள். மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதியில் வேலை பார்க்கிறவள். அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசையன்று தீபாராதனை முடிந்ததும் ஒவ்வொரு மிஷினையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும். முதல் கை வெள்ளைத்தாயுடையது. மில் திறந்த அன்றைக்குப் பெரிய பெரிய ஆட்கள் தள்ளியும் அசையாத ஒரு மிஷினை, வேடிக்கை பார்த்த இவள் தள்ளிவிட அது ஓடிவிட்டது. அன்றிலிருந்து கைராசிக்காரி. பெரிய முதலாளியே அவள் கை படாமல் புது மிஷினை ஓட்ட மாட்டார். தம்பி மட்டும் விடுவாரா?

எஞ்சின் மூக்கில் இருக்கும் மரக் காற்றாடியை வெள்ளைத்தாய் அண்ணாந்து பார்த்தாள். அதன் ஒரு கை அவள் இடுப்பு உயரம் இருந்தது.

"அண்ணாச்சி, நாளைக்கு இதுலயும் நாந்தான் மொதக் கை வைக்கணுமாம். நான் ஒரு சுத்து சுத்தினதும் பெட்ரோல் உள்ள இழுக்குமாம், பொறவுதான் அவிய கெளப்புவாவளாம். இது கடிக்குமா?"

"கடிக்காது தாயி. சுவிட்சு ரெண்டும் அணைஞ்சு கெடக்கும். போதாததுக்கு நான் ஒரு வயரயே கழத்திப் போட்டுட்டேன். செத்த பாம்பு. பச்சப்பிள்ளகூடச் சுத்தலாம்."

"நீங்க சொன்னாச் சரி. எனக்கு இந்தக் கைதான் சோறு, அதான் கேட்டேன்."

ஆயுத பூசையன்று மில்லில் வேதக்காரருக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, வேலை இல்லை. வருஷாவருஷம் தேவநேசன் மனைவி ஞானபாக்கியத்தோடு காலை ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மச்சினன் பொன்னுராஜ் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாயந்திரம் திரும்புவார். இந்த வருஷமும் போனார். ஆனால் ஆள் ஒரு நிலையில் இல்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். ரயிலில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மச்சினன் வீட்டில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. மண்டைக்குள் ஒரு வண்டு குடைந்துகொண்டே இருந்தது, அது என்ன வண்டு என்றுதான் தெரியவில்லை.

"என்ன, காலுக்கு ஒரு நெல இல்லாம அலையுதிய?" என்றாள் ஞானபாக்கியம்.

"ஊசி எறங்கல."

"எறங்கலன்னு முதலாளியே சந்தோசப்பட்டாவன்னு நீங்கதான சொன்னிய. பொறவென்ன?"

அதுதான் அவருக்கும் புரியவில்லை. புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: எந்தச் சுவிட்சை அணைத்தாலும் வேகம் கொஞ்சம் இறங்கவேண்டும். இடதை அணைத்தபோது இறங்கியது. வலதை அணைத்தபோது ஏன் இறங்கவில்லை? அளவுக்கு மீறி நன்றாக இருக்கிற எதையும் அவர் நம்பமாட்டார். வேலை கற்றுக்கொடுக்கிற பாடம் அது. நேற்று நாலு மணி நேரம் மாரடித்த அசதியில் அந்தப் பாடத்தை மறந்து, முதலாளி சிரித்ததும் தானும் சிரித்துவிட்டார். அதை நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பொன்னுராஜோடு தோட்டத்துக்குக் கிளம்பினார். பொன்னுராஜ் ஒரு வாழைத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன். ஊரெல்லாம் ஆயுதத்துக்கு லீவு விட்டாலும் அவன் எஞ்சினுக்கு லீவு இல்லை. வாய்க்கால் நிறைந்ததும் அவன் குனிந்து, எஞ்சின் பக்கத்தில் தொங்கிய ஒரு பித்தளைப் பட்டையை விரலால் அழுத்தி எஞ்சின் உடம்போடு ஒட்டவைத்தான். எஞ்சின் விக்கி நின்றது.

தேவநேசன் வாய்க்காலில் கால் வைத்தபடி நின்றார்.

"மாப்ள, இப்ப என்ன செஞ்ச?"

"நிப்பாட்டினேன் மச்சான்."

"எப்படி?"

"இந்தப் பட்டையத் தொட வச்சா மேக்னெட்டோ செத்துரும். எடுத்துட்டா உசுரு வந்துரும். ஏன், தெரியாதா ஒங்களுக்கு?"

தெரியும். நேற்றுக்கூடப் புத்தகத்தில் படித்தார். கண்ணுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். மில்லில் வயரைப் பிடுங்கினால் மோட்டார் சாகும்; வெளியிலிருந்து வருகிற கரண்டுக்கு வழி அடைபட்டுப்போகும். பதினெட்டு வருஷமாக அவர் கை படித்த வேதம் அது ஒன்றுதான். மேக்னெட்டோவுக்கு வெளியிலிருந்து எதுவும் வரவேண்டாம். சுற்றினால் தானே பொறி தட்டும். அதைச் சாகடிக்கத்தான் அந்த வயரே. சுவிட்சை அணைப்பது என்றால் அந்த வயர் வழியாக மேக்னெட்டோவை எஞ்சின் உடம்போடு தொட வைப்பது. வயரை அவர் கழற்றி, டேப் சுற்றி, பத்திரமாக மடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். இனி முதலாளி எத்தனை தடவை சுவிட்சை அணைத்தாலும் வலது மேக்னெட்டோ முழித்துக்கொண்டே இருக்கும். வெள்ளைத்தாய் காற்றாடியைச் சுற்றுவாள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும், அந்த மரக் கை திரும்பி வரும்.

செத்த பாம்பு என்று தன் வாயாலேயே சொன்னாரே.

"மணி என்ன?"

"பத்து இருக்கும்."

பூசை பத்தரைக்கு. கொட்டகை மூன்றரை மைல். பஸ்ஸெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, ஷெட்டில் மாலையோடு நிற்கிற நாள். பொன்னுராஜின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் மிதிக்க ஆரம்பித்தார். பின்னால் அவன் ஏதோ கத்தினான். காதில் விழவில்லை.

பாதி வழியில் பின் டயர் இறங்கிவிட்டது. பாதையோரம் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் பம்ப், ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் வாழையிலையில் வரிசையாக அடுக்கி, பொட்டு வைத்து, எதிரில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு காத்து."

"இன்னைக்கு ஆயுதத்தத் தொடக் கூடாதே. நாளைக்குக் காலைல வாங்க."

சண்டை போட நேரம் இல்லை. காற்றில்லாத டயரிலேயே மிதித்தார். சைக்கிள் வாத்து மாதிரி ஆடிக்கொண்டு போயிற்று. மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது, எதிர்க்காற்று வேறு. கர்த்தாவே, அந்தப் பெண்ணின் கையைக் காப்பாற்றும் என்று ஒரு மிதிக்கு ஒரு தடவை சொன்னார். நாற்பத்தைந்து வயசில் நெஞ்சு இப்படி அடிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

விலக்குத் திரும்பும்போது மேளச் சத்தம் கேட்டது. மேளம் கேட்கிறவரை பூசை முடியவில்லை. உயிர் வந்தது. இன்னும் கால் மைல் இருக்கையில் மேளம் கெட்டியாகி முழங்க ஆரம்பித்தது. தீபாராதனை. வந்த உயிர் போயிற்று. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் பொட்டலுக்குக் குறுக்கே ஓடினார். முள் தைத்தது, செருப்பு ஒன்று எங்கேயோ போயிற்று.

கொட்டகைக்கு வெளியே இருநூறு பேர் நின்றார்கள். விமானம் கல்யாணப் பெண்ணைப்போல மாலையும் சந்தனமுமாக நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். முதலாளி தலையில் தோல் தொப்பியோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் குழாய் திறந்தாயிற்று. எஞ்சின் நிறைந்ததற்கு அடையாளமாக அடியில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத்தாய் புதுச் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, காற்றாடியின் மேல் கையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்திருந்தாள்.

"தாயி, கைய எடு!"

மேளத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. தேவநேசன் கூட்டத்தை இடித்துக்கொண்டு பாய்ந்து, அவள் முழங்கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அவள் தாம்பாளத்தின் மேல் போய் விழுந்தாள். கற்பூரம் தரையில் உருண்டது. மேளம் நின்றது.

சிவபூசையில் கரடி புகுந்த மாதிரி என்பார்களே, அந்தக் கரடியை அன்றைக்கு எல்லோரும் நேரில் பார்த்தார்கள். முதலில் வாய் திறந்தவர் பூசையை நடத்திய மேஸ்திரி சங்கையா.

"ஏலே, வேதக்காரனுக்கு இங்க என்னலே வேல? பொம்பளயத் தொட்டு இழுக்கியே, கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"தேவநேசம், என்ன இது?" என்றார் முதலாளி. குரலில் கோபம்.

தேவநேசனுக்கு மூச்சு வாங்கியது. "வலது மேக்னெட்டோ உசுரோட இருக்கு முதலாளி. கை வச்சா எஞ்சின் ஓடிரும்."

"சுவிட்சு ரெண்டும் அணைச்சிருக்கேன். வந்து பாரும்."

"அணைச்சாலும் ஓடும். வயரக் கழத்தினது நான். கழத்தினாச் செத்துரும்னு நெனச்சேன். தப்பு என்னோடது."

அந்த வார்த்தையை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வயரைச் சோதிக்காமல் விடாத ஆள் என்று இரண்டு மில்லில் பேர் வாங்கியவர். இருநூறு பேர் முன்னால் அந்தப் பேர் போயிற்று. போகட்டும் என்றிருந்தது அவருக்கு.

முதலாளி நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சங்கையா, பூசையைக் கெடுக்கவே வந்திருக்கிறான் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். தேவநேசன் சக்கரங்களுக்கு முன்னால் கல் உருட்டி வைத்தார். எல்லோரையும் இருபது அடி பின்னால் போகச் சொன்னார். தோரணம் கட்டியிருந்த மூங்கில் ஒன்றைப் பிடுங்கி, பக்கவாட்டில் எட்டி நின்று, காற்றாடியின் நுனியில் அதை வைத்து ஓங்கித் தள்ளினார்.

ஒரே தள்ளுதான். எஞ்சின் வெடித்துக்கொண்டு பிடித்தது. மூங்கில் அவர் கையிலிருந்து பறந்து, மூன்று துண்டாகத் தகரத்தில் போய் விழுந்தது. மாலை பிய்ந்து செவ்வந்தி நாலா பக்கமும் சிதறியது.

முதலாளி சுவிட்சுகளைப் பார்த்தார். இரண்டும் அணைந்திருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "ராமா" என்றார். பிறகு தெலுங்கில் என்னென்னவோ சொல்லிக்கொண்டு பெட்ரோல் குழாயை மூடினார். உள்ளே இருந்ததைக் குடித்துத் தீர்க்க எஞ்சினுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் காற்றாடி கண்ணுக்குத் தெரியாமல் சுற்றியது. அவ்வளவு நேரமும் வெள்ளைத்தாய் தன் இரண்டு கையையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நின்றபின் முதலாளி கீழே இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

"ஊசி எறங்கலன்னு சிரிச்சவன் நானு. பறக்கப் படிச்ச எனக்கு நீர் சொல்லியா தெரியணும்?" என்றார்.

தேவநேசன் டேப் எடுத்து, பழைய வயரில் தோல் போன இடத்தில் நாலு சுற்றுச் சுற்றி, அதன்மேல் துணி சுற்றி, தகட்டு விளிம்பில் படாமல் ஒதுக்கிக் கட்டி, கழற்றிய முனையைத் திரும்ப மாட்டினார். திருகாணியை இரண்டு தடவை தவறவிட்டார். பேட்டரியும் பல்புமாக அவர் வைத்திருக்கும் சோதனை விளக்கு கொட்டகைப் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்து வயரைச் சுவிட்சுவரை சோதித்தார். திரும்பவும் சோதித்தார். மூன்றாவது தடவையும் சோதித்துவிட்டு எழுந்தார்.

"இப்பச் செத்தாச்சு" என்றார்.

யாரும் அசையவில்லை. சங்கையா சாமிப் படத்தைப் பார்த்தார். முதலாளி வெள்ளைத்தாயைப் பார்த்தார், ஆனால் சுற்று என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வெள்ளைத்தாய்தான் பேசினாள். கோபமாகச் சொல்லவில்லை.

"நேத்தும் இதத்தான சொன்னிய அண்ணாச்சி."

தேவநேசன் முதலாளி பக்கம் திரும்பினார். "முதலாளி, பெட்ரோலத் தொறங்க" என்றார். முதலாளி தயங்கினார். "தொறங்க. அவ கை வச்சப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கணும்." முதலாளி மறுபடி ஏறி உட்கார்ந்து குழாயைத் திறந்தார். எஞ்சின் அடியில் பெட்ரோல் சொட்டியது. முதலாளி சுவிட்சுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ரெண்டும் அணைஞ்சிருக்கு என்று உரக்கச் சொன்னார்.

வெள்ளைத்தாயின் சந்தன விரல்தடம் காற்றாடியின் மேல் கையில் அப்படியே இருந்தது. அந்தத் தடத்தின் மேலேயே தேவநேசன் தன் உள்ளங்கைகளை வைத்தார். ஜெபம் சொல்ல நினைத்தார். ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

டக்கென்று மேக்னெட்டோவுக்குள் ஏதோ விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது பத்து விரலும் இருந்தன. இன்னொரு சுற்றுச் சுற்றினார். டக். இன்னொன்று. டக். நாலாவது தடவை சுற்றிவிட்டு, வேர்வையைத் துடைக்காமலே திரும்பினார்.

"நான் சுத்தினது பூசையில சேராது தாயி. ஆனா கை வையின்னு இனி நான் சொல்ல மாட்டேன். ஒனக்குத் தோணினா வையி."

வெள்ளைத்தாய் அவர் கையைப் பார்த்தாள். பிறகு அக்குளிலிருந்து தன் கைகளை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, காற்றாடியைப் பிடித்தாள்.

"தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. மேல படும்."

தேவநேசன் தள்ளி நிற்கவில்லை. காற்றாடி சுற்றுகிற வட்டத்துக்குள்ளேயே, அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். எஞ்சின் பிடித்தால் முதல் அடி தனக்கு விழுகிற இடம் எது என்று பார்த்து அங்கே நின்றார். அவள் அதைக் கவனித்தாள். வழக்கம்போல மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். டக்.